ஒரே சாலை... ஊருக்கு ஊர் வேறு கணக்கு!

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி 101-ம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பினால், முதலில் திராட்சைத் தோட்டங்கள் வரும். அப்புறம் காய்ந்த புல் மூடிய மஞ்சள் நிற மலைகள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் ரெட்வுட் மரங்கள் ஆரம்பிக்கும். நம்மூர் செம்மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலகத்திலேயே உயரமாக வளரும் மர இனம் இது. சில மரங்கள் 100 மீட்டரையும் தாண்டி நிற்கின்றன. லெகெட் என்ற சிற்றூரில் ஒரு ரெட்வுட்டின் அடிமரத்தைக் குடைந்து கார் போக வழி விட்டிருக்கிறார்கள். குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் வரிசையில் காத்திருந்து, மரத்துக்குள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகின்றன.

அந்தக் குடும்பங்களில் பலருக்கும் தெரியாத இன்னொரு பெயர் இந்தப் பகுதிக்கு உண்டு. மெண்டசினோ, ஹம்போல்ட், டிரினிட்டி ஆகிய மூன்று கவுண்டிகளையும் சேர்த்து 'எமரால்டு டிரையாங்கிள்', அதாவது மரகத முக்கோணம் என்பார்கள். (கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம்.) மரகதம் எதுவும் இங்கே கிடைக்காது. அந்தப் பச்சை, கஞ்சாவின் பச்சை.

ஒரு நோயாளி, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, தன் வீட்டுக் கொல்லையில் எத்தனை கஞ்சா செடி வைத்துக்கொள்ளலாம்? அறுவடை செய்ததில் எத்தனை கிராம் வீட்டில் வைத்திருக்கலாம்? பல வருடங்கள் இந்தக் கேள்விக்கான பதில், அந்த வீடு 101-ம் சாலையில் எந்தக் கவுண்டி எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, எதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இருந்தது.

நம்மூரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் ஒரே ஒரு கஞ்சா செடி வளர்த்தாலும் குற்றம்தான். கலிஃபோர்னியாவின் கணக்கு கலிஃபோர்னியாவுக்கு மட்டும்.

பிரவுனி பாட்டியின் ஊர்

இந்தக் கதை காட்டில் தொடங்கவில்லை, ஆஸ்பத்திரியில் தொடங்கியது. 1980-களில் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் வார்டு நிரம்பி வழிந்தது. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்காமல் எலும்பும் தோலுமாகிக் கிடந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுக்குத் தொண்டு செய்ய வந்தவர் மேரி ஜேன் ராத்பன். அறுபதைத் தாண்டிய பெண்மணி. கஞ்சா கலந்த பிரவுனி கேக்குகளைச் சுட்டு எடுத்துவந்து கொடுப்பார். அதைச் சாப்பிட்டால் குமட்டல் அடங்கி, கொஞ்சம் பசி எடுத்தது என்றார்கள் நோயாளிகள். ஊரே அவரை 'பிரவுனி மேரி' என்று அழைத்தது. போலீஸ் அவரை மூன்று முறை கைது செய்தது. மூன்றாவது கைது 1992-ல், இதே 101-ம் சாலையிலிருந்து விலகி உள்ளே இருக்கும் காஸடெரோ என்ற மலையூரில். மாவில் கஞ்சாவைக் கலந்துகொண்டிருந்தபோதே பிடிபட்டார். அடுத்த மாதமே சான் பிரான்சிஸ்கோ நகர சபை ஆகஸ்ட் 25-ஐ 'பிரவுனி மேரி தினம்' என்று அறிவித்தது. ஒரு கவுண்டியில் குற்றவாளி, பக்கத்தில் விழா நாயகி!

அவருடைய நண்பர் டென்னிஸ் பெரோன். எய்ட்ஸ் நோயாளியான துணைவரின் கடைசிக் காலத்தில் வீட்டுக்குள் போலீஸ் புகுந்து, இருந்த கொஞ்சம் கஞ்சாவுக்காக பெரோனைக் கைது செய்தது. அது தன்னுடைய மருந்து என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன துணைவர், கொஞ்ச நாளில் இறந்துபோனார். அந்தக் கோபத்தோடு பெரோன் முன்னின்று நடத்திய இயக்கம்தான் 1996 நவம்பரில் 'புரபோஸிஷன் 215' என்ற பெயரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. 55 சதவிகிதத்துக்கு மேல் ஆதரவு. அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த முதல் மாநிலமானது கலிஃபோர்னியா.

அந்தச் சட்டம் மிகவும் சின்னது. டாக்டர் பரிந்துரைத்தால், நோயாளியோ அவரைப் பராமரிப்பவரோ சொந்த மருத்துவத் தேவைக்கு வளர்க்கலாம், வைத்திருக்கலாம். அவ்வளவுதான். எத்தனை செடி, எத்தனை கிராம் என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மறு வருடமே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், நோயாளியின் தற்போதைய மருத்துவத் தேவைக்குப் பொருத்தமான அளவு இருக்கலாம் என்று விளக்கம் கொடுத்தது. நியாயமான பேச்சுதான். ஆனால் நடுராத்திரி மலைப்பாதையில் காரை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்க்கும் போலீஸ்காரருக்கு 'பொருத்தமான அளவு' எவ்வளவு என்று எப்படித் தெரியும்? கைது செய்துவிட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள் என்று சொல்வதுதான் அவருக்கு எளிது. கோர்ட்டில் ஜெயித்தாலும், பறித்த செடி திரும்ப நட்டால் முளைக்குமா?

எண் வந்த கதை

நோயாளிக்கும் போலீஸுக்கும் குழப்பம் வேண்டாம் என்று 2003-ல் மாநிலச் சட்டமன்றம் ஓர் எண்ணை வைத்தது. உலர்ந்த கஞ்சா 8 அவுன்ஸ், அதாவது அரை பவுண்டு, சுமார் 227 கிராம். கூடவே முதிர்ந்த செடி 6 அல்லது இளஞ்செடி 12. டாக்டர் கூடுதலாகத் தேவை என்று எழுதினால் கூடுதல். கவுண்டிகளும் நகரங்களும் விரும்பினால் வரம்பை உயர்த்தலாம். 2004 முதல் அமல்.

அந்த மசோதாவின் எண் என்ன தெரியுமா? 420. நம்மூரில் அது மோசடிப் பேர்வழியைக் குறிக்கும். அமெரிக்காவில் அது கஞ்சாவின் சங்கேத எண். பாலத்தைத் தாண்டியதும் வரும் சான் ரஃபேல் ஊரில், 1971-ல் பள்ளி மாணவர்கள் சிலர் மாலை 4.20-க்குக் கூடி, யாரோ காட்டில் விட்டுப்போனதாகச் சொன்ன கஞ்சாப் பயிரைத் தேடிப் போனார்கள். அதிலிருந்து பிறந்த எண். மாநிலச் சட்டப் புத்தகம்வரை வந்து உட்கார்ந்துவிட்டது.

கவுண்டிகள் உயர்த்தலாம் என்ற அந்த ஒரு வரிதான் 101-ம் சாலையை விசித்திரமாக்கியது. சான் ரஃபேலைத் தாண்டி சொனோமா கவுண்டிக்குள் போனால் 30 செடி, 3 பவுண்டு. அடுத்து மெண்டசினோ. அங்கே 2000-லேயே மக்கள் வாக்களித்து ஆளுக்கு 25 செடி என்று முடிவு செய்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறி வியாபாரத்துக்கு வளர்க்க, உள்ளூர்க்காரர்களே அலுத்துப்போனார்கள். 2008 ஜூனில் மறுபடி வாக்கெடுப்பு. சின்ன வித்தியாசத்தில் பழைய தீர்மானம் ரத்து. 25 செடி பழையபடி 6 செடி ஆனது.

அதற்குப் பிறகு மெண்டசினோ ஷெரிஃப் அலுவலகம் ஒரு வினோதமான வழியைக் கண்டுபிடித்தது. காசு கட்டினால் எண் போட்ட பிளாஸ்டிக் பட்டை கொடுப்பார்கள். அதைச் செடியின் அடித்தண்டில் கட்டிவிட்டால், இது கணக்கில் உள்ள செடி, வெட்ட வேண்டாம் என்று அர்த்தம். நோயாளிகள் கூட்டாக வளர்க்கும் தோட்டம் என்றால் 99 செடிவரை அனுமதி. ஏன் 99? மத்திய சட்டத்தில் 100 செடி தொட்டால் குறைந்தது 5 வருடக் கட்டாயச் சிறை. அந்தப் பயத்தில் பிறந்த எண். தன்னைத் தேடி வருவார்களோ என்று வருடக்கணக்கில் நடுங்கிய விவசாயிகள், போலீஸிடமே போய் வரிசையில் நின்று பட்டை வாங்கினார்கள். அப்படிப் பட்டை கட்டிய ஒரு தோட்டத்தை 2011 அக்டோபரில் மத்திய அரசு ஏஜென்டுகள் வந்து வெட்டிச் சாய்த்தார்கள். மறு வருடம், யார் யார் பட்டை வாங்கினார்கள் என்ற பட்டியலையும் மத்திய அரசு கேட்டது. கூட்டுத் தோட்டத் திட்டமும் படுத்துவிட்டது. நம்பிப் பெயர் கொடுத்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

மத்திய அரசு - மாநில அரசு சண்டை நமக்குப் புதிதல்ல. ஆனால் அது ஒரு வீட்டு வாசலில், மூன்று மணி நேரம், நேருக்கு நேர் நடந்திருக்கிறது. மெண்டசினோவிலிருந்து 20-ம் எண் சாலையைப் பிடித்துக் கிழக்கே போய், சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கைக் கடந்தால் பியூட் கவுண்டி வரும். அங்கே தீராத முதுகுவலியால் அவதிப்பட்ட ஒரு பெண்மணி வீட்டில் 6 செடி வளர்த்தார். 2002 ஆகஸ்டில் கவுண்டி போலீஸும் மத்திய ஏஜென்டுகளும் சேர்ந்து வந்தார்கள். விசாரித்த கவுண்டி போலீஸ், மாநிலச் சட்டப்படி இதில் தப்பில்லை என்றது. மத்திய ஏஜென்டுகள் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு ஆறு செடியையும் பிடுங்கி அழித்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 2005-ல் 6-க்கு 3 என்ற கணக்கில் மத்திய அரசு ஜெயித்தது. வீட்டில் வளர்த்து வீட்டிலேயே பயன்படுத்தினாலும் மத்திய சட்டம் தடுக்கலாம் என்பது தீர்ப்பு. அதாவது, மாநிலம் சொல்லும் எண் என்னவாக இருந்தாலும், வாஷிங்டன் சொல்லும் எண் பூஜ்யம்.

அக்டோபர் மாதத்துக் கணக்கு

மறுபடி 101-க்கு வருவோம். ரிச்சர்ட்சன் குரோவ் காட்டுக்குள் சாலை ஒடுங்கி, ரெட்வுட் மரங்களை உரசுவதுபோல வளைந்து போகும். எதிரே லாரி வந்தால் வயிற்றைக் கலக்கும். அதைத் தாண்டினால் ஈல் ஆற்றங்கரையில் கார்பர்வில். ஹம்போல்ட் கவுண்டியின் தெற்கு வாசல். ஒரே ஒரு கடைத்தெரு. கொஞ்சம் ஹோட்டல்கள், பெட்ரோல் பங்க், உரமும் மண்ணும் விற்கும் கடைகள்.

1960-களின் கடைசியிலும் எழுபதுகளிலும் நகர வாழ்க்கை வெறுத்த இளைஞர்கள் இங்கே வந்தார்கள். மரம் வெட்டி முடித்த மலைச்சரிவுகள் மலிவாகக் கிடைத்தன. தாங்களே வீடு கட்டி, ஆடு வளர்த்து, காய்கறி போட்டார்கள். ஓரமாகக் கஞ்சாவும் போட்டார்கள். 1983-ல் அரசு ஹெலிகாப்டர்களோடு ஒழிப்பு வேட்டையைத் தொடங்கியது. 1990-ல் ராணுவ வீரர்களே கடலோரத்து கிங் ரேஞ்ச் மலைகளில் இறங்கினார்கள். பக்கத்து ஊரான ரெட்வேயில் உள்ள கே.எம்.யு.டி. சமூக வானொலி, எந்தச் சாலையில் போலீஸ் வண்டிகள் போகின்றன என்று அறிவிக்குமாம். வானிலை அறிக்கை மாதிரி!

இப்படிப்பட்ட ஊரில் '6 செடி, அரை பவுண்டு' என்றால் என்ன ஆகும்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அதை யோசித்த மாதிரி தெரியவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் அறைக்குள் வளர்ப்பவர் வருடத்துக்குப் பல முறை அறுவடை செய்யலாம். வெயிலில், மண்ணில் வளர்ப்பவருக்கு வருடத்துக்கு ஒரே அறுவடைதான். வசந்தத்தில் நட்டால், மழைக்கு முன்னால், செப்டம்பர் - அக்டோபரில் வெட்டியாக வேண்டும். அந்த ஒரு அறுவடைதான் அடுத்த அக்டோபர்வரை மருந்து. நம் வீடுகளில் வருடத்துக்குத் தேவையான புளியையும் மிளகாய் வற்றலையும் ஒரே நேரத்தில் வாங்கிக் காயவைத்து எடுத்துவைப்போமே, அப்படி. ஹம்போல்ட் வெயிலில் நன்றாக வளர்ந்த ஒரு செடி ஆள் உயரத்தைத் தாண்டி 10 அடிவரை போகும். உலர்ந்த பூ மட்டும் ஒரு பவுண்டு தேறும். ஆக, ஆறு செடி வைத்திருக்கும்வரை அவர் சட்டத்தை மதிக்கும் நோயாளி. வெட்டிக் காயப்போட்ட அன்று குற்றவாளி! செடியின் எண்ணிக்கையும் பூவின் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை.

விவசாயம் தெரிந்த ஹம்போல்ட் கவுண்டி அதனால்தான் வேறு மாதிரி அளந்தது. செடியை எண்ணவில்லை, இலைப்பரப்பை அளந்தது. 100 சதுர அடி, அதாவது பத்துக்குப் பத்து. ஒரு சின்ன படுக்கையறை அளவு. அந்தப் பரப்பில் ஒரு பெரிய செடி நிற்கலாம், பல சின்னச் செடிகள் நிற்கலாம். வீட்டில் 3 பவுண்டுவரை, சுமார் 1,360 கிராம், வைத்திருக்கலாம். ஒரு வருட மருந்துக்கு இது ஓரளவு ஒத்துவரும் கணக்கு.

எல்லாரும் நோயாளிகள்தானா என்றால், இல்லை. தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கவே கடை திறந்த டாக்டர்கள் உண்டு. மருத்துவம் என்ற பெயரில் ஓடைத் தண்ணீரைத் திருப்பி, எலி மருந்தைக் கொட்டி, காட்டைக் கெடுத்தவர்களும் உண்டு. ஒன்றரை மணி நேரம் வடக்கே உள்ள கல்லூரி நகரமான ஆர்கேட்டாவில் இது வேறு உருவம் எடுத்தது. வாடகை வீடுகளின் உள்ளே மனிதர்களுக்குப் பதில் செடிகள் குடியிருந்தன. மாணவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை; ஓவர்லோடான வயரிங்கில் தீ விபத்து வேறு. நகர சபை வீட்டுக்குள் 50 சதுர அடி, விளக்குக்கு 1,200 வாட் என்று கட்டுப்படுத்தியது. அதற்கும் அடங்காதவர்களைப் பிடிக்க 2012-ல் மக்கள் வாக்களித்து ஒரு வரி போட்டார்கள். சாதாரண வீட்டு அளவைவிட ஆறு மடங்குக்கு மேல் மின்சாரம் இழுத்தால் 45 சதவிகிதம் வரி. செடியை எண்ணுவதைவிட மீட்டரைப் படிப்பது சுலபம்தானே!

'6 செடி, அரை பவுண்டு' கணக்கை உடைத்தது இந்த மலைக்காரர்கள் யாரும் இல்லை. தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லேக்வுட் என்ற புறநகரில் ஒருவர். கல்லீரலில் ஹெபடைடிஸ் சி, முதுகுத்தண்டில் கோளாறு. மருந்துச் செலவு தாங்காமல் டாக்டர் சீட்டோடு தானே வளர்த்தார். 2005-ல் போலீஸ் வந்தபோது வீட்டில் 7 செடி, சுமார் 12 அவுன்ஸ் உலர்ந்த கஞ்சா. ஒரு செடியும் நான்கு அவுன்ஸும் அதிகம். 8 அவுன்ஸ்தான் வரம்பு, கூடுதலுக்கு டாக்டர் எழுதவில்லை என்று வாதாடி அரசுத் தரப்பு தண்டனை வாங்கியது. கெல்லி வழக்கு என்று பெயர்பெற்ற இதில், 2010 ஜனவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய சட்டத்தில் எண் இல்லை. அந்த மக்களிடம் திரும்பக் கேட்காமல் சட்டமன்றம் எண்ணைப் போட்டு உரிமையைச் சுருக்கக் கூடாது. தண்டனை நிற்கவில்லை. கவுண்டியில் பதிவுசெய்து அட்டை வாங்கியவர்களைக் கைதிலிருந்து காக்கும் அளவுகோலாக மட்டும் அந்த எண் நீடித்தது. அதைத் தாண்டியவர் தன் தேவையைக் கோர்ட்டில் நிரூபிக்கலாம்.

பாதுகாப்பதற்காக வந்த எண், ஏழாவது செடிக்காக ஒரு நோயாளியைக் கூண்டில் ஏற்றியது. அதை நீக்கியதும் பழைய டார்ச் லைட் குழப்பம் கொஞ்சம் திரும்பி வந்தது. இரண்டில் எது மேல் என்று கார்பர்வில் டீக்கடையில் கேட்டால் இன்றும் இரண்டு கட்சி இருக்கும்!

2016-ல் நோயாளி அல்லாத 21 வயதானவர்களுக்கும் அனுமதி வந்தது. கையில் 28.5 கிராம், வீட்டுக்கு 6 செடி. இந்த முறை எழுதியவர்கள் அக்டோபரை மறக்கவில்லை. அந்த ஆறு செடியிலிருந்து வரும் விளைச்சல் 28.5 கிராமைத் தாண்டினால், வெளியே தெரியாமல் பூட்டிய இடத்தில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். மருத்துவ நோயாளிகளுக்கு, சொந்தத் தேவைக்கு லைசென்ஸ் இல்லாமல் 100 சதுர அடிவரை வளர்க்க மாநிலச் சட்டத்திலேயே இடம் கிடைத்தது. ஹம்போல்ட்காரர்களின் பழைய பத்துக்குப் பத்து!

அவர்கள் அதைக் கொண்டாடும் நிலையில் இல்லை. சட்டபூர்வமானதும் பெரிய பண்ணைகள் வந்தன, விலை விழுந்தது. லைசென்ஸ் செலவு தாங்காமல் சிறு விவசாயிகள் பலர் கைவிட்டார்கள். அறுவடைக் காலத்தில் பூ கத்தரிக்க உலகெங்கும் இருந்து வந்த இளைஞர்கள் நடைபாதையில் உட்கார்ந்திருந்த கார்பர்வில் கடைத்தெருவில், இப்போது பூட்டிய கடைகள் கண்ணில் படுகின்றன. மரத்தைப் பார்க்க வருபவர்கள் மட்டும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆர்கேட்டாவைத் தாண்டி, கடலை ஒட்டிப் போகும் 101 கடைசியில் ஓரிகன் மாநில எல்லையைத் தொடுகிறது. அங்கே இன்னொரு கணக்கு. மருத்துவ அட்டை உள்ளவருக்கு 6 முதிர்ந்த செடி, 24 அவுன்ஸ். மற்றவர்களுக்கு வீட்டுக்கு 4 செடி, 8 அவுன்ஸ். எல்லைக்கு இந்தப் பக்கமும் அனுமதி, அந்தப் பக்கமும் அனுமதி. ஆனால் ஒரு நோயாளி தன் மருந்துப் பொட்டலத்தோடு எல்லையைக் கடந்தால் அது மத்திய சட்டப்படி கடத்தல். எல்லையில் கலிஃபோர்னியா விவசாயத் துறையின் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. தெற்கே வரும் கார்களை நிறுத்தி, ஆப்பிள், ஆரஞ்சு ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று கேட்பார்கள். பழத்தில் பூச்சி இருந்துவிடக் கூடாதே!